இடது பக்கத்துக்கு ஒரு ஆள்

சிங்கப்பூர் மார்சிலிங்கில் விசாலாட்சி குடியிருக்கும் அடுக்குமாடி புளோக்கின் கார் பார்க்கில், ஆறாம் எண் தூண் முப்பது வருஷமாக ஒரே இடத்தில் நிற்கிறது. யார் வம்புக்கும் போனதில்லை. அதைப் போய் ஒரு வியாழக்கிழமை காலையில் விசாலாட்சி உரசிவிட்டாள். காரின் இடது பக்கம், முன் கதவிலிருந்து பின் கதவு வரை நீளமாக ஒரு கோடு. தூணுக்கு ஒன்றும் ஆகவில்லை.

இருபத்தைந்து வயசுப் பையன் உரசியிருந்தால் இடம் குறுகல், வெளிச்சம் போதாது, தூணைக் கட்டினவனுக்கு அறிவில்லை என்று ஊரே பரிந்து பேசும். எழுபத்தொரு வயசுக்காரி உரசினால் ஒரே தீர்ப்புதான். வயசாயிடுச்சு. அப்பீல் கிடையாது.

தீர்ப்புச் சொல்ல மகள் யாமினி ஞாயிற்றுக்கிழமை கிளமெண்டியிலிருந்து வந்து சேர்ந்தாள். அலுவலகத்தில் பதினைந்து பேரை மேய்க்கிறவள். அம்மா வீட்டுக்கு வந்தாலும் அந்த மேய்க்கிற கோலைக் கீழே வைக்க மாட்டாள். காரைச் சுற்றிச் சுற்றி வந்து போனில் படம் எடுத்தாள்.

"ம்மா, இது இப்ப போட்டது. இது தீபாவளிக்கு முன்னாடி. இது என்ன?"

"அது அந்த சைக்கிள்லா. குறுக்க நிப்பாட்டி வச்சிருந்தான்."

"நிப்பாட்டி வச்ச சைக்கிள்தானேம்மா? அது எந்திரிச்சு வந்து இடிக்கலியே?"

மொத்தம் ஏழு கீறல். எல்லாம் இந்த இரண்டு வருஷத்தில் விழுந்தவை. அதற்கு முன்னால் நாற்பது வருஷம் வண்டி ஓட்டியதில் ஒரு கீறல் கிடையாது, ஒரு சம்மன் கிடையாது என்று விசாலாட்சி சொல்லிப் பார்த்தாள். யாமினி காதில் வாங்கினால்தானே!

"சீனியர் டிரைவருக்குன்னு ஒரு நாள் ரிஃப்ரெஷர் கோர்ஸ் இருக்கும்மா. நான் புக் பண்ணிட்டேன். இன்ஸ்ட்ரக்டர் உன்கூட ரோட்டுல வந்து பாத்து பேப்பர்ல எழுதித் தருவாரு. ஓட்டலாம்னு எழுதினா நான் வாயே திறக்க மாட்டேன். இல்லன்னா காரை வித்துடறோம். ஓகே?"

ஓகேவா என்று கேட்டது சும்மா ஒரு மரியாதைக்கு. விசாலாட்சி கணவரைத் திரும்பிப் பார்த்தாள். சின்னராசுவுக்கு எழுபத்தைந்து வயது. ஊர் நியாயம் அத்தனையும் பேசுகிற மனிதர். லிஃப்டில் முன்பின் தெரியாதவனுக்குக்கூட யோசனை சொல்லி அனுப்புவார். அப்படிப்பட்டவர் அன்றைக்குப் பார்த்து நாளிதழை மடிப்பதும் பிரிப்பதுமாக நின்றார். மகள் பக்கம் சாய்ந்துவிட்டார் என்று விசாலாட்சிக்கு ஆத்திரமாக வந்தது.

கார் போனால் என்ன, எம்ஆர்டி ரயில் இல்லையா, பஸ் இல்லையா என்று கேட்பவர்கள் கேட்கலாம். அவர்கள் விசாலாட்சியின் முட்டியை மாட்டிக்கொண்டு மேம்பாலத்துப் படி ஏறிப் பார்த்துவிட்டு அப்புறம் பேசட்டும். அதுகூடப் பெரிசில்லை. புளோக்கில் யாரைக் கேட்டாலும் அவளைக் கார் ஓட்டுகிற அம்மா என்றுதான் சொல்வார்கள். சாவியைக் கொடுத்துவிட்டால் அவள் வெறும் முட்டிவலிக்காரி. அந்த வகையில் புளோக்கில் ஏற்கெனவே பதினோரு பேர் இருக்கிறார்கள், பன்னிரண்டாவதாகப் போய்ச் சேர அவளுக்கு இஷ்டமில்லை.

செம்பவாங்கில் பிறந்தவள் அவள். அப்பாவுக்குக் கப்பல் பட்டறையில் வேலை. சின்னராசுவைக் கட்டிக்கொண்ட பிறகு இருவரும் லிட்டில் இந்தியாவின் கஃப் ரோட்டில் ஒரு கடையின் பின்கட்டைப் பிடித்து, தோசை மாவு அரைத்துச் சாப்பாட்டுக் கடைகளுக்குப் போட ஆரம்பித்தார்கள். மாவுக்கு வேன் வேண்டும், வேனுக்கு லைசென்ஸ் வேண்டும். சின்னராசு டெஸ்டுக்குப் போனார். நாலு தடவை போனார், நாலு தடவையும் ஊற்றிக்கொண்டது. ஓட்டத் தெரியாமல் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த டெஸ்டருக்கு, டெஸ்ட் எப்படி வைக்க வேண்டும் என்று வழியெல்லாம் சொல்லிக்கொடுத்தார். எந்த டெஸ்டர் பொறுப்பார்?

ஐந்தாவது தடவை அவருக்குப் பதில் விசாலாட்சி போனாள். யாமினி அப்போது வயிற்றில் ஏழு மாசம். வயிற்றுக்கும் ஸ்டியரிங்குக்கும் நடுவே ஒரு விரல்தான் இடைவெளி. டெஸ்டர் அவள் முகத்தை ஒரு தடவை பார்ப்பார், வயிற்றை ஒரு தடவை பார்ப்பார். பாதி வழியிலேயே போதும், வண்டியைத் திருப்புங்கள் என்று சொல்லிவிட்டார். முதல் தடவையிலேயே பாஸ். பிரசவம் பார்க்கிற வேலை தன் தலையில் விழுந்துவிடுமோ என்ற பயத்தில் அந்த ஆள் போட்ட பாஸ் அது என்று சின்னராசு இன்றைக்கும் சொல்வார். வயிற்றெரிச்சல், வேறென்ன!

அன்றிலிருந்து வண்டியில் வலது பக்கம் அவள், இடது பக்கம் அவர். வேனில் கூரை முட்ட மாவு டின்களை அடுக்கியிருப்பார்கள். அவளுக்கு இடது பக்கம் ஒன்றுமே தெரியாது. லிட்டில் இந்தியாவின் சந்துகளில் இடது பக்கம் என்றால் லேசுப்பட்டதா? காய்கறி லாரி, கைவண்டி, கடைவாசலிலிருந்து திடீரென்று ரோட்டில் இறங்குகிற ஜனம், ஞாயிற்றுக்கிழமையானால் தேர்க்கூட்டம். ஆகவே அந்தப் பக்கத்தைச் சின்னராசு எடுத்துக்கொண்டார். கழுத்தை வெளியே நீட்டிப் பார்ப்பார். ஆள் வந்தால் "இரு" என்பார். காலியாக இருந்தால் "விடு" என்பார். அவள் விடுவாள். மாவு வியாபாரத்தை முடித்துக்கொண்டு கார் வாங்கிய பிறகும் இதே ஏற்பாடுதான். காரில் கண்ணாடி இருக்கிறது, ஜன்னல் இருக்கிறது, திருப்பிப் பார்க்க அவளுக்கும் ஒரு கழுத்து இருக்கிறது. பார்க்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. அதற்குத்தான் ஆள் இருக்கிறாரே!

கோர்ஸ் நடந்த டிரைவிங் சென்டர் மேற்கே இருந்தது. பதினாறு பேர் வந்திருந்தார்கள். பதினாறு பேரையும் யாரோ ஒரு மகனோ மகளோ பிடித்துத் தள்ளியிருக்க வேண்டும், அப்படி ஒரு முகம் எல்லோருக்கும். வயதானால் கழுத்து இறுகும், கண் மங்கும், கால் மெதுவாகும் என்று ஒரு சின்னப் பெண் படம் போட்டுக் காட்டினாள். முன்வரிசையில் ஒரு சீனத் தாத்தா அதற்குள் குறட்டை விட ஆரம்பித்துவிட்டார். பிறகு ஒரு மெஷினில் உட்கார வைத்துச் சிவப்பு விளக்கு எரிந்ததும் பிரேக்கை மிதிக்கச் சொன்னார்கள். பதினாறு பேரில் விசாலாட்சிதான் முதல்.

சந்தோஷப்பட வேண்டியவள் கணக்குப் போட ஆரம்பித்தாள். கால் சரியாக இருக்கிறது. மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை லைசென்ஸுக்காகச் சோதிக்கிற டாக்டர், கண்ணும் சரியாக இருக்கிறது என்றுதான் எழுதிக் கொடுக்கிறார். அப்படியானால் ஏழு கீறல் எங்கிருந்து வந்தது? மூளைதான் போய்க்கொண்டிருக்கிறது என்று அவளே தனக்குத் தீர்ப்பு எழுதிக்கொண்டாள்.

ரோட்டுக்குக் கூட்டிப்போக வந்தவர் காதர் மைதீன் என்ற இன்ஸ்ட்ரக்டர். ஐம்பது வயதிருக்கும், சிரித்த முகம், சென்டர் காரில் காலடியில் தனக்கென்று ஒரு பிரேக். கூடவே ஏறப் பார்த்த சின்னராசுவை, வேறு யாரும் வரக்கூடாது அங்கிள் என்று கேன்டீனுக்கு அனுப்பிவைத்தார்.

"ஆன்ட்டி, அடுத்த ஜங்ஷன்ல லெஃப்ட் எடுக்கணும். லெஃப்ட் லேனுக்கு மாறிக்குங்க."

விசாலாட்சி சிக்னலைப் போட்டாள். டிக் டிக் என்று அடித்தது. அவள் நேராகப் பார்த்தபடி காத்திருந்தாள். காதர் மைதீனும் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜங்ஷன் வந்தது, போய்விட்டது.

"பரவால்ல ஆன்ட்டி, அடுத்ததுல எடுக்கலாம்."

அடுத்ததும் போனது. அதற்கடுத்ததும் போனது. சிக்னல் மட்டும் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. புளோக்குகள் முடிந்து மரங்கள் வந்தன, மரங்களுக்குப் பின்னால் வரிசை வரிசையாகக் கல்லறைகள் வந்தன. சுவா சூ காங் இடுகாடு.

"தம்பி," என்றாள் விசாலாட்சி, "வயசானவங்க கோர்ஸுன்னுதான் சொன்னாங்க. நேரா இங்கயே கூட்டியாந்துடுவீங்கன்னு சொல்லவே இல்லியே."

காதர் மைதீன் சிரித்துத் தீர்த்துவிட்டு வண்டியை ஓரமாக நிறுத்தச் சொன்னார்.

"நான் எங்க ஆன்ட்டி கூட்டியாந்தேன்? நீங்கதான் லெஃப்டே எடுக்கலியே. சிக்னல் போட்டீங்க, ரோடும் காலியாத்தான் இருந்துச்சு. ஏன் போகல?"

"நீங்க சொல்லலியே."

"லெஃப்ட் எடுங்கன்னு சொன்னேனே!"

"அது சொன்னீங்க. விடுன்னு சொல்லலியே."

எந்த விடு என்று அவர் கேட்டார். விசாலாட்சி மாவு வேனிலிருந்து ஆரம்பித்து முழுக் கதையையும் சொன்னாள். இருபது வருஷமாக அந்த இடது சீட்டில் உட்கார்ந்து உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருக்கிற மனிதர் காதர் மைதீன். பிரேக் என்று நினைத்து ஆக்சிலேட்டரை மிதித்தவர்களைப் பார்த்திருக்கிறார். சிவப்பு விளக்கில் தூங்கினவரைப் பார்த்திருக்கிறார். இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

"அப்ப நாப்பது வருஷமா நீங்க பாதி காரத்தான் ஓட்டியிருக்கீங்க ஆன்ட்டி."

"அந்தப் பாதிய நல்லாத்தானே ஓட்டினேன்!" என்றாள் விசாலாட்சி, மூக்குக்கு மேல் கோபம் வந்து.

"நல்லாத்தான் ஓட்டுனீங்க. இன்னொரு பாதியையும் ஓட்டுங்க. தாடை இடது தோளத் தொடுற மாதிரி திரும்பணும். நீங்களே பாக்கணும், நீங்களே போகணும். நான் விடுன்னு சொல்லவே மாட்டேன்."

திருப்பினாள். பழைய இரும்பு கேட் மாதிரி கழுத்து சத்தம் போட்டது. ஐயோ அம்மா என்று கத்தினாள். கல்லறைகளைச் சுற்றி மூன்று தடவை இடது திரும்பிப் பழகினாள். அங்கே இருந்தவர்கள் யாரும் ஆட்சேபிக்கவில்லை.

மத்தியானச் சாப்பாட்டுக்கு கேன்டீனுக்குத் திரும்பியபோது, சின்னராசு ஆறிப்போன தே ஓ கொசோங்கை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நானே பாக்கணுமாம். இடது பக்கம்கூட. கழுத்து போச்சு."

"அப்ப நான்?" என்றார் அவர்.

"நீங்க என்ன, ஜாலியா உக்காந்து வாங்க."

சின்னராசு கொஞ்ச நேரம் தேநீரைக் கலக்கினார். அதில் சர்க்கரையே இல்லை. பிறகு, "நல்லாக் கத்துக்க விசாலம்," என்றார். எழுந்து போகும்போது மறுபடியும், "நல்லாப் பாத்துக் கத்துக்க," என்றார். தனக்கு வேலை போய்விட்டது என்று மனுஷனுக்கு வருத்தம் போலிருக்கிறது என்று விசாலாட்சி நினைத்துக்கொண்டாள்.

மத்தியானம் மறுபடியும் ஒன்றரை மணி நேரம். முதல் இரண்டு இடத்தில் கால் தயங்கியது. மூன்றாவது இடத்தில் பார்த்தாள், போனாள். அப்புறம் நிற்கவே இல்லை. சாயங்காலம் காதர் மைதீன் பேப்பரில் 'ஓட்டலாம்' என்ற கட்டத்தில் டிக் போட்டு, கீழே கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். வழியனுப்ப அவள் கார் வரை வந்தவர், காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"வலது பக்கம் ஷோரூம்ல நிக்கிற மாதிரி இருக்கே ஆன்ட்டி. ஒரு கீறுகூட இல்ல."

பேப்பர் கையில் இருந்த சந்தோஷத்தில், "இருக்காதா பின்ன?" என்று சொல்லிவிட்டு விசாலாட்சி சாவியைத் திருகினாள். சின்னராசு வழக்கம்போல் இடது பக்கம் ஏறிக்கொண்டார்.

அது வேலை முடிகிற நேரம். புக்கிட் தீமா எக்ஸ்பிரஸ்வேயில் எல்லை தாண்டி ஜொகூருக்குத் திரும்புகிற மோட்டார் சைக்கிள்கள், ஜாக்கெட்டை முன்பின்னாக மாட்டிக்கொண்டு, நூற்றுக்கணக்கில் பறந்துகொண்டிருந்தன. வீட்டுப் பக்கம் உட்லண்ட்ஸுக்கு இறங்க இடது லேனுக்கு மாற வேண்டும். விசாலாட்சி சிக்னலைப் போட்டாள்.

சின்னராசு இடது பக்கம் திரும்பிப் பார்த்தார். "விடு," என்றார்.

காலையாக இருந்தால் விட்டிருப்பாள். கற்றுக்கொண்ட புதுசு அல்லவா, தாடையைத் தோளுக்குக் கொண்டுபோனாள். கணவரின் ஜன்னலை ஒட்டி, கை நீட்டினால் தொட்டுவிடுகிற தூரத்தில், ஒருவன் மோட்டார் சைக்கிளில் வந்துகொண்டிருந்தான். சின்னப் பையன். பெட்ரோல் டாங்கின் மேல் ஒரு பையில் பால்மாவு டின். சின்னராசுவின் இடது கண் நேராக அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"காலியாத்தானே இருக்கு? விடு, விடு."

விசாலாட்சி ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவன் போனான். அவனுக்குப் பின்னால் இன்னும் மூன்று பேர் போனார்கள். அவள் மறுபடியும் திரும்பிப் பார்த்து, காலியான பிறகு லேன் மாறி இறங்கினாள். ஆறாம் எண் தூணைத் தாண்டி, தன் இடத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்த பிறகுதான் கேட்டாள்.

"அந்த பைக்க பாக்கலியா நீங்க?"

"எந்த பைக்கு?"

விசாலாட்சி அவர் பக்கம் முழுசாகத் திரும்பினாள்.

"எத்தன நாளா?"

சின்னராசு சீட் பெல்ட்டைக் கழற்றினார், மறுபடியும் மாட்டினார். "எடது கண்ணுதான். மாவுத் தண்ணி ஊத்துன மாதிரி இருக்கு. கழுத்தும் முன்ன மாதிரி திரும்பல, வலது கண்ணுக்கு எட்டல. ரெண்டு வருஷம் இருக்கும்."

"ரெண்டு வருஷமா! அப்புறம் எதப் பாத்து விடு விடுன்னு சொன்னீங்க?"

"யாரும் ஹாரன் அடிக்கலன்னா சொல்லுவேன்."

தூணுக்கு ஹாரன் கிடையாது. நிறுத்தி வைத்த சைக்கிளுக்கும் கிடையாது. விசாலாட்சி கோர்ஸ் பேப்பரை எடுத்துச் சுருட்டி அவர் தோளில் நாலு போட்டாள். அழுகையும் வந்தது.

"எனக்கு மூள கொழம்பிடுச்சுன்னு பயந்து செத்தேங்க! கெழவி, கெழவின்னு என்ன நானே திட்டிக்கிட்டேன். பெத்த பொண்ணு என்ன நிக்க வச்சு வெளாசினா. பக்கத்துலயே நின்னீங்களே, ஒரு வார்த்த சொன்னீங்களா? அந்தப் பையன அடிச்சிருந்தா? வீட்டுல கைக்குழந்த இருக்கும்போல அவனுக்கு!"

மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை டாக்டர் விளக்கடித்துச் சோதித்ததெல்லாம் அவள் கண்ணை. ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்ததோ அவர் கண். லைசென்ஸ் இல்லாதவர் கண்ணை யார் சோதிக்கப் போகிறார்கள்?

"எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு விசாலம்," என்றார் சின்னராசு. "சொன்னா என்னப் பின்னாடி சீட்டுல தூக்கிப் போட்டுடுவ. லைசென்ஸும் வரல. மாவும் போச்சு. எனக்குன்னு மிச்சம் இருந்தது அந்த ஒரு வேலதான்."

அப்போது பார்த்து போன் அடித்தது. யாமினி. விசாலாட்சி மூக்கைத் துடைத்துக்கொண்டு ஸ்பீக்கரில் போட்டாள்.

"ம்மா, என்ன எழுதினாங்க?"

"ஓட்டலாம்னு டிக் போட்டுக் கொடுத்துட்டாரு."

"நிஜமாவா? அப்ப அந்தத் தூணு எப்படிம்மா?"

சின்னராசு போனைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். ஏழு கீறலுக்கும் சேர்த்து ஒரே வரியில் பழி தீர்த்துக்கொள்ளலாம். விசாலாட்சிக்கு நாக்கு நுனி வரை வந்தது.

"எடம் குறுகல்டி," என்றாள். "தூணக் கட்டினவனுக்கு அறிவில்ல." போனை வைத்துவிட்டுக் கணவர் பக்கம் திரும்பினாள். "நாளைக்குக் காலைல கண் ஆஸ்பத்திரி. மறுபேச்சு பேசினா நானே அவளுக்குப் போன் போட்டுச் சொல்லிடுவேன்."

மறுநாள் காலை எட்டு மணிக்குச் சின்னராசு குளித்து, விபூதி பூசி, நல்ல சட்டை போட்டுக்கொண்டு கார் பக்கத்தில் நின்றார். அவராகவே பின்கதவைத் திறந்தார்.

"அங்க என்ன வச்சிருக்கு? முன்னாடி வாங்க."

ஏறி உட்கார்ந்தார். கைகளை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். எதிர்த் தெருவில் ஒருவன் தப்பாக நிறுத்தியிருந்த லாரிக்குக்கூட ஒன்றும் சொல்லவில்லை. புளோக்கை விட்டு மெயின் ரோட்டுக்கு வந்ததும் இடது லேனுக்கு மாற வேண்டியிருந்தது. முன்னால் சிவப்பு விழுந்து வண்டிகள் நின்றிருந்தன. பிறகு பச்சை விழுந்தது. விசாலாட்சி சிக்னலைப் போட்டாள். தாடையைத் தோளுக்குக் கொண்டுபோனாள், கழுத்து கிறீச்சிட்டது, பார்த்தாள். இடது பக்கம் காலி. கால் போகத் தயாராகத்தான் இருந்தது. ஆனால் அவள் பிரேக்கிலிருந்து காலை எடுக்கவில்லை.

பின்னால் ஒரு டாக்ஸிக்காரன் ஹாரன் அடித்தான்.

"என்ன விசாலம், நிக்கிற?"

"சொல்லித் தொலைங்களேன்."

சின்னராசு அவளைப் பார்த்தார். "நீ பாத்துட்டியா?"

"பாத்துட்டேன்."

அவர் கழுத்தை நீட்டி, தெரியாத கண்ணால் இடது பக்கத்தை முன்னும் பின்னும் ஒரு தடவை நன்றாகப் பார்த்தார். டாக்ஸிக்காரன் இரண்டாவது தடவை ஹாரன் அடித்தான்.

"விடு," என்றார் சின்னராசு.

அவள் விட்டாள்.